இரவல் கைகள்

புது வீட்டுக்குக் குடிவந்த இருபத்து மூன்றாம் நாள், பாஞ்சாலை கதவைப் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, மேம்பாலத்துக்கு அடியில் தன் பழைய தூணுக்கே திரும்பிப் போய்விட்டாள்.

காலை ஒன்பது மணிக்குச் செய்தி வந்தபோது நித்திலா பேருந்தில் இருந்தாள். அலுவலகம் போகாமல் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தாள். ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. தூணைச் சுற்றித் தேங்கியிருந்த தண்ணீருக்கு நடுவே இரண்டு பலகைகளைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து பாஞ்சாலை டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. முப்பது வருடம் இதே இடத்தில் பூ கட்டி விற்றவள். தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்த குடிகாரனைச் செங்கல்லால் அடித்து விரட்டியவள் என்று அந்தச் சாலை முழுக்கப் பெயர் வாங்கியிருந்தாள்.

"வீட்ல இன்னா கொறன்னு கேக்காத மேடம். ஒரு கொறயும் இல்ல. சாயங்காலம் ஆனா பயமா கீது, அவ்ளோதான்" என்றாள்.

எதைப் பார்த்துப் பயம் என்று நித்திலா கேட்டாள்.

"யாரோ வர்றாங்க."

"யாரு?"

"தெர்ல. ஆனா வருவாங்க. கதவு தொறக்கறதுக்குள்ள எல்லாத்தயும் சரியா வெச்சிடணும்னு கை பரபரங்குது. அப்பால யாரும் வர்ல. தெனமும் வர்ல. அதான் இன்னும் பயமா கீது."

பாஞ்சாலை ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். அதற்குள் இரண்டு கைப்பட்டைகளும் கழுத்துப் பட்டையும் துடைத்து, மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. டீ குடித்து முடித்த டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்து, துளிகூடச் சத்தம் வராமல் பலகைமேல் வைத்தாள். வாழ்நாள் முழுக்க எதையும் பொத்தென்று போட்டே பழகிய பெண்ணின் கை அது. பழக்கம் நன்றாக ஒட்டியிருக்கிறது என்று நித்திலா மனதுக்குள் குறித்துக்கொண்டாள். அன்று அவளுக்கு அதில் வேறெதுவும் தெரியவில்லை.

நித்திலா ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அது என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அவள் எளிமையாகவே சொல்வாள். குளிப்பது, சமைப்பது, துணி மடிப்பது, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது போன்ற அன்றாடக் காரியங்களை, நோயினாலோ வாழ்க்கை புரட்டிப் போட்டதாலோ செய்ய முடியாமல் போனவர்களுக்கு மறுபடி பழக்கிக் கொடுக்கிற வேலை. ஒன்பது வருடமாக அவள் தெருவில் வாழ்கிறவர்களோடுதான் இருக்கிறாள். வீடு ஒன்றைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களை ஒரு நாள் தன்னோடு கூட்டிக்கொண்டு போவாள். இருபது வருடம் நடைபாதையில் படுத்தவருக்கு நான்கு சுவருக்குள் தூக்கம் வராது. அடுப்பை அணைக்க நினைவிருக்காது. குளியலறையில் தாழ் போட்டால் மூச்சு முட்டும். கையில் சாவியோடு வாசலிலேயே சுருண்டு படுத்திருந்தவர்களை அவள் எழுப்பியிருக்கிறாள். வீடு கிடைத்தவர்களில் பாதிப் பேர் ஒரு வருடத்துக்குள் தெருவுக்கே திரும்பிவிடுவதை அவள் கண்ணால் பார்த்தவள்.

அதை மாற்றத்தான் கைப்பட்டை வந்தது. அவள் வேலை பார்த்த 'புதுவாசல்' அறக்கட்டளைக்காக லோகித் என்ற இளம் பொறியாளன் உருவாக்கியது. முழங்கைக்குக் கீழே இரண்டு பட்டைகள், பின்கழுத்தில் ஒன்று. வீட்டு வாழ்க்கை நன்றாகப் பழகிய ஒருவர் அவற்றைச் சில வாரம் அணிந்திருந்தால், அவர் தசைகள் எப்போது எப்படி அசைந்தன என்பது பதிவாகும். பிறகு அதே பட்டைகளை இன்னொருவர் அணியும்போது, மெல்லிய மின் தூண்டலில் அவர் கை அந்த அசைவுகளை நோக்கி இழுபடும். குழந்தையின் கையைப் பிடித்து எழுதச் சொல்லித் தருவது மாதிரி என்று லோகித் விளக்குவான். கழுத்துப் பட்டை எதற்கென்று ஆரம்பத்தில் நித்திலா கேட்டபோது, "வெறும் கையை அசைச்சா பழக்கம் ஒட்டாது மேடம். அந்த வேலை செய்யறப்ப உடம்பு எப்படி இருந்துச்சோ, மூச்சு, இதயத் துடிப்பு, தோள் இறுக்கம், அதையும் சேர்த்துக் குடுத்தாத்தான் ஒட்டும்" என்று சொல்லியிருந்தான்.

பலன் பிரமாதமாக இருந்தது. மூன்றாம் மாடியில் பதினோரு வீடுகளில் பதினோரு பேர். இரண்டு வாரத்தில் எல்லோரும் சோறு வடித்தார்கள், பாத்திரம் துலக்கினார்கள், செருப்பைச் சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்தார்கள். பார்க்க வந்த அதிகாரிகள் அசந்துபோனார்கள். அடுத்த மாதம் நான்காயிரம் பேருக்கு இதைக் கொடுப்பதாக முடிவாகியிருந்தது.

பாஞ்சாலையின் கோப்பில் 'மூடிய இடம் குறித்த பதற்றம்' என்று எழுதி நித்திலா கையெழுத்துப் போட்டாள்.

நான்கு நாள் கழித்து, அந்தப் பதினோரு பேரில் ஒருவரான ஜெயசீலனை மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கி, முதுகு போனபின் ரயில் நிலையத்து வாசலில் பன்னிரண்டு வருடம் கழித்தவர் அவர். அறுபத்திரண்டு வயதிலும் தோள் கதவகலம் இருக்கும். காலையில் கூட்ட வந்த பெண், அவர் வீட்டுப் பால்கனியில் மழைத்தண்ணீரில் நனைந்தபடி சுவரோடு ஒட்டி அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பால்கனிக் கதவு சாத்தியிருந்தது, பூட்டு இல்லை. தள்ளினால் திறந்துகொள்ளும் கதவு.

நித்திலா போனபோது மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். சளி நுரையீரலில் இறங்கிவிட்டது, பிழைத்துக்கொள்வார், ஆனால் இன்னும் ஆறு மணி நேரம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார். நித்திலா நாற்காலியைக் கட்டிலோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். என்ன நடந்தது என்று கேட்டதும் அவர் முதலில் மன்னிப்புக் கேட்டார். ஏன் மன்னிப்பு என்று அவருக்கே தெரியவில்லை.

"கண்ணாடி டம்ளர் கைதவறி உடஞ்சிடுச்சு மேடம். துண்ட பொறுக்கி பேப்பர்ல சுத்தி, அரிசி டின்னுக்கு அடியில ஒளிச்சு வெச்சேன். ஏன் ஒளிச்சேன்னு கேட்டா எனக்குத் தெரியாது. என் வீடு, என் டம்ளரு. அப்புறம் காலு தானா பால்கனிக்குப் போச்சு. நானே கதவச் சாத்திக்கிட்டேன்."

திறந்துகொண்டு உள்ளே வந்திருக்கலாமே என்றாள்.

அவர் விட்டத்தைப் பார்த்தார். "தொறக்கலாம்னு தோணவே இல்ல" என்றார். கண்ணோரம் வழிந்ததைத் துடைக்க அவர் கையைத் தூக்கவில்லை. வலது கை இடது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

மருத்துவமனைப் படியில் இறங்கும்போதும் நித்திலா அவரையே நினைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடம் ரயில் நிலையத்து வாசலில் போலீஸ் தடிக்கு நடுங்காத மனிதர். அவரை அவர் வீட்டுக்குள்ளேயே யார் மிரட்டியது?

அவளும் சரி, மற்ற ஊழியர்களும் சரி, ஐந்து மணிக்குமேல் அந்தக் குடியிருப்பில் இருந்ததில்லை. மாலையில் அங்கே என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அன்று இருந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். கணவனுக்குச் சொல்ல வேண்டும். பிரணவுக்கு ஃபோன் செய்வதற்கு முன் என்ன சொல்வதென்று மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆய்வுக்கு மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார்கள், தவிர்க்க முடியவில்லை என்று பொய் சொன்னாள். அவன் 'சரி' என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அந்தச் 'சரி' எந்த மாதிரி 'சரி' என்று யோசித்தபடியே பேருந்தில் நின்றுகொண்டு வந்தாள்.

மூன்றாம் மாடி நடைவழியில் அவள் போய் நின்றபோது மணி ஆறு. புதிதாகக் குடிவந்தவர்கள் பகலெல்லாம் கதவைத் திறந்தேதான் வைத்திருப்பார்கள். சாத்தினால் அடைக்கிறது என்பார்கள். அதனால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் பார்வை போனது. ஒரு வீட்டில் டிவி ஓடியது. ஒருத்தி யாரிடமோ ஃபோனில் உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். கருவாடு வறுபடும் வாசனை வந்தது. எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. வீணாகப் பயந்துவிட்டோம் என்றுகூட நினைத்தாள்.

ஆறேகால் தாண்டியதும் டிவி நின்றது. சிரிப்பு நின்றது. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ அடுப்பு மேடையைத் துடைக்கத் தொடங்கினார்கள். இடமிருந்து வலம், திரும்ப வலமிருந்து இடம், பிறகு விளிம்பில் ஒருமுறை. டம்ளர்கள் கவிழ்க்கப்பட்டன, ஒன்றுக்கும் சத்தமில்லை. துண்டுகள் நுனியோடு நுனி சேர்த்து மடிக்கப்பட்டன. யாரும் யாரையும் பார்க்கவில்லை; நடுவில் சுவர் இருக்கிறது. ஆனாலும் ஒரே ஆள் பல உடம்புகளில் இருந்து வேலை செய்வது மாதிரி அது நடந்தது.

ஆறரைக்கு எல்லோரும் சமையலறை நிலையோரம் போய், முதுகைச் சுவரில் சாய்த்து, வாசல் கதவைப் பார்த்தபடி நின்றார்கள். வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. எதிர் வீட்டில் இருந்த ஷகிலாவின் கழுத்து நரம்பு துடிப்பது நடைவழியிலிருந்தே தெரிந்தது. அவள் உதடு அசைந்தது. எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

நித்திலா அவளைக் கூப்பிட வாயெடுத்தாள், குரல் வரவில்லை. மூச்சை மேலே இழுத்துப் பிடித்து வைத்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. முதுகில் சுவர் குளிர்ந்தது. எப்போது சுவரோரம் போனாள்? குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கை அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவள் கையில் பட்டை எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து சேர ஏழரை ஆகிவிட்டது. பிரணவ் சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். கூடத்துத் தரையில் சமையலறைப் பாத்திரங்கள் அத்தனையும் வரிசை வரிசையாக இருந்தன. தட்டு, டம்ளர், கரண்டி, மூடி, எண்ணெய்த் தூக்கு, இடியாப்ப அச்சு. ஒன்றுகூட உருண்டிருக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வந்து பொறுமையாக வைத்திருக்கிறான்.

"அடுக்கு" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அடுக்கினாள். அவன் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வாள். யாரும் கேட்டதும் இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருடம். இரண்டாம் வருடம் ஒரு முறை, சாம்பாரில் உப்பு குறைந்ததற்கு, அவளைப் பால்கனியில் விட்டுக் கதவைத் தாழ்போட்டுவிட்டு அவன் தூங்கப் போனான். விடிந்ததும் கதவைத் திறந்து, காபி போடச் சொன்னான். அதற்குப் பிறகு அப்படி ஒன்று நடக்கவில்லை. நடக்கும்படி அவள் வைத்துக்கொள்ளவில்லை. தான் கெட்டிக்காரத்தனமாகக் குடும்பம் நடத்துவதாகத்தான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக லோகித்தின் அறைக்குப் போனாள். பதினோரு பேருக்கும் கொடுத்திருக்கும் பழக்கம் யாருடைய பதிவு என்று கேட்டாள். பதிவு கொடுத்தவர் பெயரைச் சொல்லக்கூடாதென்று விதி இருக்கிறதே என்று அவன் தயங்கினான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"உங்களோடதுதான் மேடம். போன வருஷம், பட்டை தோலை அரிக்குதான்னு பாக்க ஆறு வாரம் போட்டிருந்தீங்களே. அப்ப கையெழுத்து போட்ட காகிதத்துல பதிவைப் பயன்படுத்தலாம்னு ஒரு வரி இருந்துச்சு. நாப்பது பேர்கிட்ட எடுத்தோம். எதுவுமே தேறல. ஒரு நாள் செஞ்ச மாதிரி இன்னொரு நாள் யாரும் செய்யறதில்ல. உங்களோடது மட்டும் அவ்வளவு சுத்தம். ஆறு வாரமும் ஒரே நேரம், ஒரே அளவு. ஒரு கரண்டிகூட இடம் மாறல. மெஷின் மாதிரி." அவன் அதைப் பாராட்டாகவே சொன்னான்.

நித்திலா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்கிறதா என்று கேட்டாள்.

அவன் திரையில் தேடினான். இருபத்தேழாம் நாள், மாலை ஐந்து ஐம்பதுக்கு ஏதோ உடைந்திருக்கிறது. குனிந்து பொறுக்கி, எதையோ தூக்கி, அடியில் வைத்திருக்கிறாள். பிறகு ஒரு கதவு. அதன்பின் நான்கு மணி நேரம் கையில் அசைவே இல்லை, தோலின் வெப்பம் மட்டும் இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. "இது கருவிக் கோளாறுன்னு நெனச்சு விட்டுட்டேன்" என்றான் லோகித். சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திக்கொண்டான்.

அவளுக்கு நினைவு வந்தது. பீங்கான் கிண்ணம் ஒன்று. அன்று பிரணவ் இன்னும் வந்திருக்கவேயில்லை. அவன் வருவதற்கு முன்பே அவளாகவே பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருந்தாள். அவன் வந்து, பார்த்து, சாப்பிட்டு, டிவி பார்த்து, பிறகு வந்து திறந்துவிட்டான். அதை அவள் மறந்தே போயிருந்தாள். மறக்கிற அளவுக்கு அது சாதாரணமாக இருந்தது.

மாலை நேரத்துப் பகுதியை வெட்டிவிட்டால் போதும், ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம், நான்காயிரம் பேருக்குப் போகும்போது எந்தச் சிக்கலும் இருக்காது என்று லோகித் அவசர அவசரமாகச் சொன்னான். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்றும் சொன்னான். அவளுக்கு உதவுவதாகத்தான் நினைத்தான்.

பாஞ்சாலை டம்ளரை வைத்த விதம் நித்திலாவின் கண்முன் வந்தது. அது காலை ஒன்பது மணி. எந்தப் பகுதியை வெட்டுவது? மூடியை மூடும் அழுத்தத்தில் அது இருக்கிறது. துண்டின் மடிப்பில் இருக்கிறது. நான்காயிரம் பேர், நான்காயிரம் கதவுகள், ஆறரை மணி. அறையை விட்டு வெளியே வந்தாள்.

மத்தியானம் மேம்பாலத்துக்கு அடியில் போய் நின்றாள். பாஞ்சாலை மல்லி கட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் முன்பு போல ஓடவில்லை. ஒவ்வொரு பூவையும் ஒரே அளவில் வைத்து, பார்த்து, முடி போட்டுக்கொண்டிருந்தாள். பட்டையைக் கழற்றி ஐந்து நாள் ஆகியும் கை விடமாட்டேன் என்கிறது என்று சொன்னாள். ஒரு முழம் கட்ட எடுக்கிற நேரத்தில் முன்பெல்லாம் மூன்று முழம் கட்டுவாளாம்.

பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"யாரோட கைம்மா இது?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த விளக்கம் எதுவும் நித்திலாவுக்கு உதவவில்லை.

"என்னோடது."

பாஞ்சாலையின் விரல் நின்றது. திட்டுவாள், செங்கல்லைத் தூக்குவாள் என்று நித்திலா உள்ளுக்குள் சுருங்கிக்கொண்டாள். பாஞ்சாலை அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ஆறு நாப்பதுக்கு வருவானா?"

"ஆமா."

"செருப்ப மொதல்ல பாப்பான். அப்பால மேடைய."

"ஆமா."

"எனக்குத் தெரியும்மா. மூஞ்சி மட்டும்தான் தெர்ல." பாஞ்சாலை பூவைக் கூடையில் வைத்தாள். "முப்பது வருசம் ரோட்ல படுத்துட்டேன். லாரி மேல ஏறிடுமோன்னு பயம், குடிகாரன் பயம், போலீசு பயம். எல்லாம் பாத்துட்டேன். வந்தா கத்துவேன், ஓடுவேன், அடிப்பேன். உன் பயத்துல கத்தவே முடியலியேம்மா. வாயி தொறக்க மாட்டேங்குது. இத்த வெச்சினு எப்பிடி நீ இத்தினி வருசம் இருந்த?"

இதுவரை நித்திலா அழவில்லை. அப்போதும் சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பாஞ்சாலை பலகையில் நகர்ந்து இடம் விட்டாள். நித்திலா உட்கார்ந்தாள். தலைக்கு மேலே வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் வந்து பூ கேட்டார்கள். பாஞ்சாலை அளந்து கிள்ளிக் கொடுத்தாள். அந்த ஒரு மணி நேரம் நித்திலா அசையவில்லை. எழுந்தபோது மன்னிப்புக் கேட்டாள். கை பழையபடி ஆகுமா என்று பாஞ்சாலை கேட்டாள். ஆகும், நாளாகும், கூட இருந்து மாற்றித் தருகிறேன் என்றாள் நித்திலா. அது மட்டும் அவளுக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம்; அவள் தொழிலே அதுதான்.

அறக்கட்டளையின் குழு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடியது. நடுவில் இருந்த இரண்டு நாளும் அவள் வீட்டில் எல்லாவற்றையும் எப்போதும் போலச் செய்தாள். மேடையைத் துடைத்தாள், செருப்பை ஒதுக்கினாள், ஆறரைக்குச் சுவரோரம் நின்றாள். என்ன செய்கிறோம் என்று தெரிந்துகொண்டே செய்வது தெரியாமல் செய்ததைவிடப் பயங்கரமாக இருந்தது. வியாழன் மாலை பிரணவ் அவளைக் கூர்ந்து பார்த்து, ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்டபோது அவள் கையிலிருந்த மூடி மோதிச் சத்தம் எழுப்பியது. அவன் மூடியைப் பார்த்தான். அது போதுமானதாக இருந்தது.

குழுவில் ஏழு பேர் இருந்தார்கள். ஜெயசீலனுக்கு நேர்ந்ததை அவர்கள் விபத்து என்று பதிவு செய்திருந்தார்கள். நித்திலா எழுந்து, அது விபத்து இல்லை என்றாள். பட்டை பழக்கிக் கொடுத்தது வீட்டு வேலையை மட்டும் அல்ல என்று சொல்லி, நடைவழியில் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பதிவு கொடுத்தவரின் வீட்டு நிலைமை உங்களுக்கு எப்படித் தெரியும், ஊகமாகச் சொல்கிறீர்களா என்று தலைவர் கேட்டார். இதை எழுத்தில் ஏற்றினால் பதிவு கொடுத்தவர் யாரென்று வெளியே வரலாம், அவர் குடும்பத்துக்குத் தெரியலாம், அதற்கு அவர் சம்மதிக்க வேண்டும் என்றும் சொன்னார். நியாயமான கேள்விதான். லோகித் தலையைக் குனிந்துகொண்டான்.

நித்திலாவின் வலது கை தானாக இடது மணிக்கட்டைத் தேடிப் போனது. அதைப் பிடுங்கி மேசைமேல் விரித்து வைத்தாள்.

"அது நான்தான் சார். எனக்குச் சம்மதம்."

ஏழு பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒருவர் அவசரமாகத் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் எத்தனை சிறிய குரலில் சொன்னாள் என்று பின்னால் லோகித் யாரிடமோ சொன்னானாம். அவளுக்கோ தான் கூரை இடியக் கத்தியது போலத்தான் இருந்தது.

பகல் ஒரு மணிக்கு முடிவு சொன்னார்கள். மீதிப் பத்துப் பேரிடமிருந்தும் பட்டைகளை அன்றே வாங்கிவிடுவது, நான்காயிரம் பேருக்குக் கொடுப்பதை நிறுத்தி வைப்பது, ஜெயசீலனின் கோப்பிலிருந்து 'விபத்து' என்ற சொல்லை எடுப்பது. குழுவில் இருந்த ஒருவருக்குப் பிரணவைத் தெரியும். ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனதை நித்திலா பார்த்தாள்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. பையில் பணப்பையும் அறக்கட்டளை அடையாள அட்டையும் ஒரு குடையும் இருந்தன. திரும்பத் திரும்பப் பேருந்தின் வாசலைப் பார்த்தபடி இரண்டு பேருந்து மாறினாள். பின்னால் யாராவது வேகமாக நடந்தால் கடைக்குள் ஒதுங்கினாள். மூன்று மணிக்குப் பெண்கள் விடுதியின் இரும்புக் கதவைத் தட்டினாள். வீடில்லாத பெண்கள் தங்கும் இடம் அது. புதன்கிழமைதோறும் அங்கே வந்து சமையல் பயிற்சி கொடுப்பாள்.

வார்டன் குளோரி கதவைத் திறந்துவிட்டு, இன்றைக்குப் புதன் இல்லையே, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டாள். நித்திலா உள்ளே வந்து, கதவு பூட்டப்படும்வரை காத்திருந்தாள்.

"யாரையும் பாக்க வரல சிஸ்டர். தங்க வந்திருக்கேன்."

குளோரி இருபது வருடமாக அந்தக் கதவைத் திறந்துவிடுகிறவள். ஒரு நிமிடம் அவளைப் பார்த்தாள், ஏன் என்று கேட்கவில்லை. மேசைக்கு முன்னால் நாற்காலி போட்டாள். தங்க வருகிறவர் யாராக இருந்தாலும் படிவம் எழுதியாக வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். எழுதுங்கள் என்றாள் நித்திலா. அந்தப் படிவத்தின் கேள்விகளைத் தயாரித்ததே அவள்தான். மூன்று வருடத்துக்கு முன், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, யாருடைய மனமும் நோகாதபடி சொல் சொல்லாகத் தேர்ந்தெடுத்தவை.

பெயர், வயது, படிப்பு. கைப்பைக்குள் ஃபோன் அதிர ஆரம்பித்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. குளோரி பையைப் பார்த்தாள், பிறகு பார்க்காதது போல அடுத்த வரிக்குப் போனாள்.

"கடைசியா எந்த வீட்டுல பயமில்லாம தூங்குனீங்க?"

இந்தக் கேள்விக்குப் பல பெண்கள் வெகுநேரம் பேசாமல் இருப்பதை நித்திலா பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் அவர்களுக்கு மறதி என்று நினைத்து, ஓரத்தில் 'நினைவில்லை' என்று எழுதியிருக்கிறாள். இப்போது அவள் யோசித்தாள். பிரணவின் வீடு. அதற்கு முன் அப்பாவின் வீடு. அங்கேயும் சாயங்காலம் ஒரு சத்தம் உண்டு, அம்மா எழுந்து நிற்பாள், பிள்ளைகள் புத்தகத்தை மூடுவார்கள். அதற்கும் முன் எதுவும் இல்லை.

ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது. குளோரி பேனாவைக் காகிதத்தில் வைத்தபடி காத்திருந்தாள்.

"அத அப்புறம் எழுதிக்கலாம்மா" என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அடுத்த கேள்வியைப் படித்தாள்.